ஜெனரேட்டர் ரூம் நோட்டும் வீட்டு கரன்ட் பில்லும்

அம்மா, அன்றைக்கு மகளோடு நாகர்கோவிலுக்கு வந்திருந்தபோது, கிளம்புகிற நேரத்தில் ஒன்று கேட்டீர்கள். "கெமிஸ்ட்ரி படிச்ச பிள்ளைக்கு மெட்ராசுல மரம் நடுத வேலையா?" வெளியே ஆட்கள் காத்திருந்ததால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்வி மனதிலேயே நின்றுவிட்டது, அதனால் எழுதுகிறேன்.

ஆஃபர் லெட்டரில் 'சஸ்டைனபிலிட்டி கன்சல்டன்ட்' என்று இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். கம்பெனிகளின் கரன்ட், டீசல், தண்ணீர், கழிவு இவற்றுக்குக் கணக்கு எழுதுகிற வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். பங்குச் சந்தையில் உள்ள முதல் 1,000 பெரிய கம்பெனிகள் இந்தக் கணக்கை ஆண்டறிக்கையோடு கொடுத்தே ஆக வேண்டும் என்று 2022-23 நிதியாண்டு முதல், பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற அரசு அமைப்பான செபி கட்டாயமாக்கியிருக்கிறது. ஆள் தேவைப்படுவது அதனால்தான்.

தக்கலைப் பக்கத்துப் பெண் ஒருத்தி, முன்பு என்னிடம் ஆலோசனைக்கு வந்தவள், சென்னையில் இதே வேலையில் இருக்கிறாள். அவள் நாளில் பாதி போனிலும் எக்செல்லிலும் போகிறது. பத்து ஆலைகளின் கரன்ட் பில் கேட்டால் ஏழுதான் வரும். மீதி மூன்றுக்கு ஸ்டோர்ஸ்காரரையும் மெயின்டனன்ஸ்காரரையும் விடாமல் கூப்பிட வேண்டும்.

ஒருமுறை ஒரகடம் பக்கம் ஓர் ஆலைக்கு நேரில் போனாள். ஜெனரேட்டர் ரூமில் எண்ணெய்க் கறை படிந்த ஒரு நோட்டு. முப்பது நாளும் இருபது லிட்டர், இருபது லிட்டர் என்று ஒரே பேனா, ஒரே அழுத்தம். மாதக் கடைசியில் உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதியது என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய 2.7 கிலோ கரியமில வாயு வெளியேறும். லிட்டர் தப்பென்றால் அறிக்கை முழுக்கத் தப்பு. பங்க் பில்களை வாங்கி, டேங்கில் மிச்சமிருந்ததைக் கழித்து, முதலிலிருந்து கணக்குப் போட இரண்டு நாள் ஆனது. அங்கிருந்த மேனேஜர் முகம் சுளித்தாராம். அவள் அசையவில்லை. அதைக் கேட்ட பிறகுதான் இந்த வேலை மீது எனக்கே பெரிய மதிப்பு வந்தது.

சிரமமும் உண்டு. ஏப்ரலில் இருந்து ஆண்டறிக்கை முடியும் வரை ராத்திரி வீடு திரும்ப நேரமாகும். ஆலைகளுக்குப் போய் வரும் நாட்களும் இருக்கும். மாதத்துக்கு எத்தனை நாள், வண்டி யார் ஏற்பாடு, தங்க வேண்டி வருமா என்பதையெல்லாம் சேருவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். கேட்பதில் தப்பே இல்லை.

அப்புறம், குலசேகரத்தில் உங்களுக்கு ரப்பர் இருக்கிறதே, அதையும் சொல்ல வேண்டும். ஐரோப்பிய யூனியன் 2023-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்த ரப்பரை அங்கே விற்க முடியாது. பால் எந்தத் தோட்டத்தில் வெட்டியது என்று இடத்தைக் குறித்துக் காட்ட வேண்டும். அமலாகும் தேதியைத் தள்ளிப்போட்டிருக்கிறார்கள், ஆனால் சட்டம் இருக்கிறது. அந்த விவரங்களைத் திரட்டுவதும் உங்கள் மகள் போகிற துறையின் வேலைதான். சிரட்டையில் பால் சொட்டுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை அவள். சிறு தோட்டக்காரரிடம் எதை எப்படிக் கேட்டால் பதில் வரும் என்று அவளுக்குத் தெரியும். நகரத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு அது எளிதில் வராது.

படிப்பைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, கெமிஸ்ட்ரி போதும். பில்லோடு மல்லுக்கட்டும் பொறுமை அவளுக்கு உண்டா என்பதை மட்டும் பார்க்க வேண்டும். இந்த வாரம் உங்கள் வீட்டின் ஒரு வருடக் கணக்கைப் போடச் சொல்லுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒன்றாக ஆறு கரன்ட் பில், யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.7 கிலோ கரியமில வாயு. பைக்குக்குப் போட்ட பெட்ரோல், சமையல் கேஸ். சிலிண்டர் எத்தனை மாற்றினோம் என்று வீட்டில் யாருக்கும் நினைவிருக்காது. அந்த இடத்தில் சலித்துப்போய் ஏதோ ஒரு எண்ணை எழுதுகிறாளா, போனில் பழைய புக்கிங் மெசேஜ்களைத் தேடிப் பிடிக்கிறாளா என்று பக்கத்தில் இருந்து கவனியுங்கள்.

அந்தத் தாளையும் ஆஃபர் லெட்டரையும் எடுத்துக்கொண்டு சனிக்கிழமை வாருங்கள். கம்பெனியிடம் கேட்க வேண்டியதைச் சேர்ந்தே எழுதிவிடலாம்.