தனிப் பயணத்தை மூன்றாம் முறையும் கைவிட்டது குறித்து

ஒரு வாரத் தனிப் பயணத்துக்கு மூன்று முறை திட்டமிட்டும், துணிவின்றி ஒவ்வொரு முறையும் கைவிட்டதாக உங்கள் கடிதம் சொல்கிறது. துணிவு வந்த பிறகு புறப்படலாம் என்று காத்திருக்க வேண்டாம். பெரும்பாலும் புறப்பட்ட பிறகுதான் அது வருகிறது. ஆகவே நான்காவது முறையும் ஒரு வாரப் பயணத்தைத் திட்டமிடாமல், காலையில் சென்று மாலையில் திரும்பக்கூடிய, நீங்கள் இதுவரை கண்டிராத ஓர் ஊருக்குத் தனியாகச் சென்று வாருங்கள்.

மூன்று முறையும் பயணச்சீட்டை ரத்து செய்தவுடன் மனம் லேசானது என்று எழுதியிருக்கிறீர்கள். காரணம் அங்கேதான் இருக்கிறது என்று கருதுகிறேன். தவிர்த்ததும் கிடைக்கும் அந்த நிம்மதியையே பரிசாக எடுத்துக்கொண்டு, மனம் அடுத்த முறை இன்னும் விரைவாகப் பின்வாங்கக் கற்றுக்கொள்கிறது. இதைக் கோழைத்தனம் என்று நீங்கள் சொல்லிக்கொள்வது எனக்கு வருத்தமளிக்கிறது.

புறப்படும் முன், நீங்கள் அஞ்சுகின்றவற்றைத் தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘இது நேர்ந்தால் இதைச் செய்வேன்’ என்று குறியுங்கள் (உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990-களில் விளக்கிய முறை இது). திரும்பியதும் அவற்றுள் எத்தனை உண்மையில் நடந்தன என்று எண்ணிப் பாருங்கள்.

பயணத்தில் மட்டுமன்றி, முன்பு விரும்பிய எதிலுமே 2 வாரங்களுக்கு மேலாக நாட்டமில்லை எனில், சிக்கல் துணிவைப் பற்றியதாக இல்லாமல் இருக்கலாம். அப்போது முதலில் ஒரு மருத்துவரைப் பாருங்கள்.