எந்தப் பிரச்சினைக்கு எந்த உளவியல் சிகிச்சை? மதுரைப் பக்கத்து வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் ஒரே விஷயத்தைத்தான் சுற்றுகின்றன: கவுன்சிலிங் போனால் சரியாகுமா? எனக்கு இதில் அழுத்தமான கருத்து உண்டு. சில பிரச்சினைகளுக்கு எந்த முறையில் சிகிச்சை தருகிறார்கள் என்பதுதான் எல்லாமே, வேறு சிலவற்றுக்கு முறையை விட எதிரே உட்கார்ந்து கேட்பவர் யார் என்பது முக்கியம். இது தெரியாமல் மாதக்கணக்கில் பணமும் நம்பிக்கையும் போய்க்கொண்டிருப்பதைப் பார்க்கிறேன், அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன்.

மேலூர் வாசகர்: டவுன்ஹால் ரோட்டில் சின்னக் கடை வைத்திருக்கிறேன் மேடம். இரவு ஷட்டரைப் பூட்டிவிட்டுக் கிளம்பி ஒத்தக்கடை தாண்டியதும் பூட்டினோமா என்று சந்தேகம் வந்துவிடும், வண்டியைத் திருப்பிவிடுவேன். சில நாள் மூன்று தடவை. ஒருவரிடம் நாலு மாதமாகக் கவுன்சிலிங் போகிறேன், சின்ன வயசைப் பற்றியே பேசுகிறோம். ஒன்றும் குறையவில்லை.

நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்லக்கூடாது, ஆனால் நீங்கள் எழுதியிருப்பது ஓ.சி.டி. மாதிரி இருக்கிறது, அதாவது வேண்டாத சந்தேகம் விடாமல் வந்து, அதைத் தணிக்க ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் நோய். அப்படியானால் முறைதான் இங்கே முக்கியம். சின்ன வயசைப் பேசுவதில் தப்பில்லை, அது மட்டும் போதாது. நீங்கள் கேட்க வேண்டியது இ.ஆர்.பி., அதாவது எக்ஸ்போஷர் அண்ட் ரெஸ்பான்ஸ் பிரிவென்ஷன். ஓ.சி.டி.க்குப் பேச்சு சிகிச்சை பெரிதாக உதவாது என்று பலரும் நினைத்திருந்த காலத்தில், 1966-ல் லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர், பயத்தைத் தூண்டும் விஷயத்தை எதிர்கொள்ள வைத்து, திரும்பத் திரும்பச் செய்யும் சடங்கை மட்டும் தடுத்துப் பார்த்தார், நோயாளிகள் தேறினார்கள். இன்றைய சிகிச்சை அதிலிருந்து வளர்ந்ததுதான்.

இது வேலை செய்யும் விதம் இப்படி. சந்தேகம் வந்ததும் திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்க்கிறீர்கள், உடனே நிம்மதி. அந்த நிம்மதிதான் நோய்க்குத் தீனி, ஏனென்றால் திரும்பிப் போனதால்தான் கடை தப்பித்தது என்று மூளை கற்றுக்கொள்கிறது, அடுத்த நாள் இன்னும் சத்தமாகக் கேட்கிறது. திரும்பாமல் வீட்டுக்குப் போனால் நெஞ்சு படபடக்கும், கொஞ்ச நேரம் தாங்க முடியாத மாதிரிகூட இருக்கும், பிறகு அது தானாக இறங்கும். சந்தேகத்தோடேயே சாப்பிட்டுப் படுக்கவும் முடிகிறது என்பதைச் சில வாரங்களில் உடம்பே கற்றுக்கொள்ளும். எடுத்ததும் கடை ஷட்டரில் ஆரம்பிக்க மாட்டார்கள், வீட்டு கேஸ், பைக் சாவி என்று சின்னதிலிருந்து படிப்படியாகப் போவார்கள். பூட்டைப் போனில் போட்டோ எடுத்து வைத்துப் பார்ப்பது, சிசிடிவியைத் திறந்து பார்ப்பது, வீட்டுக்காரம்மாவிடம் "பூட்டிட்டேன்ல?" என்று கேட்டு அவர் "பூட்டியாச்சுங்க" என்று சொல்வது, இவையும் சடங்குதான், அவரையும் ஒருநாள் கூட்டிக்கொண்டு போங்கள். தேவைப்பட்டால் மனநல மருத்துவர் மாத்திரையும் எழுதுவார். ஓ.சி.டி.யில் அது முழுதாகப் பலன் காட்ட பத்து, பன்னிரண்டு வாரம்கூட ஆகலாம், இரண்டே வாரத்தில் நிறுத்திவிடாதீர்கள். இப்போது பார்ப்பவரிடம் இ.ஆர்.பி. செய்வீர்களா என்று கேளுங்கள், இல்லை என்றால் நன்றி சொல்லிவிட்டு மாறுங்கள்.

திருமங்கலம் வாசகி: என் வீட்டுக்காரர் இறந்து ஏழு மாதம் ஆகிறது. இன்னும் தினமும் அழுகிறேன். சொந்தக்காரர்கள் "பிள்ளைகளுக்காக மனசைத் தேத்திக்க" என்கிறார்கள். மகள் தெரபிக்குப் போகச் சொல்கிறாள். எந்தத் தெரபி?

அம்மா, ஏழு மாதத்தில் அழுவது நோயில்லை. முப்பது வருஷம் கூட இருந்தவராக இருக்கலாம், அதற்கு யாரும் கெடு வைக்க முடியாது. நம் பக்கம் பதினாறாம் நாள் காரியம் வரை வீடு நிறைய ஆள் இருக்கும், ஒப்பாரி வைக்கவும் கட்டிப்பிடித்து அழவும் பெண்கள் இருப்பார்கள், அப்புறம் எல்லோரும் அவரவர் பிழைப்புக்குப் போய்விட, உண்மையான துக்கம் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. அந்த நேரத்தில் பார்த்துத்தான் எல்லோரும் தேறச் சொல்கிறார்கள்.

உங்களுக்கு முறையின் பெயர் முக்கியமில்லை. அவசரப்படுத்தாமல் கேட்கிற ஒருவர் வேண்டும். கார்ல் ரோஜர்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1957-ல் எழுதினார்: சிகிச்சையாளர் முகமூடி இல்லாமல் இருக்க வேண்டும், வந்தவரை நிபந்தனையில்லாமல் மதிக்க வேண்டும், அவர் இருக்கும் இடத்திலிருந்து உலகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும், மாற்றம் வர இவைதான் அடிப்படை என்று. எல்லா நோய்க்கும் அது மட்டும் போதும் என்று நான் சொல்ல மாட்டேன், துக்கத்தில் இருப்பவருக்கு முதல் தேவை அதுதான் என்று சொல்வேன். முதல் நாளே வீட்டுப்பாடம் எழுதித் தருபவரை விட, அவரைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்பவரிடம் போங்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். சமைக்க, குளிக்க, வெளியே போக எதுவுமே முடியாமல் நாள் முழுக்க ஏக்கத்திலேயே கழிந்தால், அல்லது நானும் போய்ச் சேர்ந்தால் தேவலை என்ற நினைப்பு வந்தால், அதற்கென்றே தனிச் சிகிச்சை இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்கும் அத்தகைய துக்கத்துக்குத் தனி இடமே கொடுத்திருக்கிறார்கள். சாகலாம் என்ற நினைப்புக்கு மட்டும் மாதக் கணக்குப் பார்க்க வேண்டாம், அன்றைக்கே மகளிடம் சொல்லுங்கள்.

நாகமலை புதுக்கோட்டை, கல்லூரி மாணவர்: சி.பி.டி. (காக்னிட்டிவ் பிஹேவியரல் தெரபி) என்பது பாசிட்டிவாக யோசிக்கச் சொல்வதுதானே? அதை அம்மாவே தினமும் சொல்கிறார்.

இல்லை தம்பி. 1960-களில் ஆரன் பெக் என்ற மனநல மருத்துவர், மனச்சோர்வில் இருப்பவர்களுக்குள் கண நேரத்தில் ஓடி மறையும் எண்ணங்களைக் கவனித்தார். ஒரு பேப்பர் அரியர் விழுந்ததும் "நான் எதுக்கும் லாயக்கில்லை" என்று ஓடுகிறதே, அது. அதை எழுதி வைத்து, இதற்கு என்ன ஆதாரம், எதிராக என்ன ஆதாரம் என்று சரிபார்ப்பதுதான் வேலை. முடிவில் "நான் சூப்பர்" என்று வராது, "ஒரு பேப்பர் போயிருக்கிறது, நவம்பரில் எழுதலாம்" என்று வரும். உற்சாகம் வந்தபிறகு எழுந்திருக்கலாம் என்று காத்திருக்காமல், முதலில் எழுந்து நண்பனோடு ஒரு டீ குடிக்கப் போவதும் இதில் ஒரு பகுதி. மனச்சோர்வில் செயல் முதலில், மனநிலை பின்னால்.

வாடிப்பட்டி, ஒரு தாய்: 22 வயது மகன் யாரோ பேசுவது காதில் கேட்கிறது என்கிறான், ராத்திரி தூங்குவதில்லை. கோடாங்கி பார்த்தோம், கோரிப்பாளையம் தர்காவுக்கும் கூட்டிப்போனோம். கவுன்சிலிங் கொடுத்தால் போதும் என்கிறார் ஒருவர்.

போதாதும்மா. முதலில் மனநல மருத்துவர், இந்த வாரமே. தர்காவிலிருந்து நடக்கிற தூரத்தில்தான் பெரியாஸ்பத்திரி (அரசு ராஜாஜி மருத்துவமனை), அங்கே மனநலப் பிரிவு இருக்கிறது, பணம் தேவையில்லை. சாமி கும்பிடுவதை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, மருந்தும் சேர்ந்து நடக்கட்டும். 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில், தர்காவை நம்பி வந்த மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகத்தில், சங்கிலியால் கட்டி வைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகினார்கள், அந்தக் கொடுமைக்குப் பிறகும் தாமதம் செய்யும் குடும்பங்களைப் பார்க்கும்போது மனசு ஆறவில்லை. மருந்தில் அவன் கொஞ்சம் நிதானமானதும் பேச்சு சிகிச்சை உதவும், குடும்பத்துக்கான ஆலோசனை அதைவிட உதவும். வீட்டில் திட்டும் குத்தலும் அதிகமாக இருந்தால் நோய் திரும்பும் வாய்ப்பு கூடுகிறது என்பது பல ஆய்வுகளில் உறுதியானது. "நடிக்கிறான்" என்ற வார்த்தை மட்டும் வீட்டில் யார் வாயிலும் வரக்கூடாது.

கப்பலூர் வாசகி: நாலு வழிச்சாலையில் விபத்து நடந்து ஒரு வருஷம். பஸ் ஏறினாலே அந்தச் சத்தம் கேட்கிறது. கண்ணை இடம் வலமாக அசைத்துச் சரிசெய்யும் சிகிச்சை உண்மையா?

உண்மைதான், அதன் பெயர் இ.எம்.டி.ஆர். 1980-களின் கடைசியில் ஃபிரான்சின் ஷாபிரோ உருவாக்கியது. விபத்து, வன்முறை போன்றவற்றுக்குப் பிந்தைய பாதிப்புக்கு உலக சுகாதார நிறுவனம் 2013-ல் பரிந்துரைத்த முறைகளில் இதுவும் ஒன்று, அதிர்ச்சிக்கென்றே வடிவமைத்த சி.பி.டி. இன்னொன்று. கண் அசைவுதான் குணமாக்குகிறதா, பாதுகாப்பான இடத்தில் அந்த நினைவை முழுதாக எதிர்கொள்வதுதான் குணமாக்குகிறதா என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் சண்டை தீரவில்லை. என் எண்ணம் இரண்டாவது பக்கம்தான் சாய்கிறது. எதுவானாலும் முறைப்படி பயிற்சி எடுத்தவரிடம் மட்டும் போங்கள், முதல் நாளே விபத்தை விவரமாகச் சொல்லச் சொல்லி அழ வைத்து அனுப்புபவரிடம் வேண்டாம்.

கே.கே. நகர், வங்கி ஊழியர்: எனக்கு நோய் எதுவும் இல்லை. ஆனால் யார் என்ன கேட்டாலும் சரி என்று சொல்லிவிட்டு உள்ளே வெந்துகொண்டிருக்கிறேன். கொழுந்தனாருக்குக் கடன், நாத்தனார் வீட்டு விசேஷ வேலை, ஆபீசில் அடுத்தவர் வேலை. இதற்கெல்லாம் தெரபிக்குப் போகலாமா?

தாராளமாக. நோய் வந்தபிறகுதான் போக வேண்டும் என்று ஒன்றுமில்லை. "முடியாது" என்று சொல்லப் பழக வேண்டும் என்பது மட்டும்தான் தேவை என்றால் சில வாரப் பயிற்சியே போதும், வார்த்தைகளைக்கூடச் சேர்ந்து ஒத்திகை பார்ப்பார்கள். ஏன் இப்படி ஆனேன் என்று தெரிந்துகொள்ள ஆசை இருந்தால் சைக்கோடைனமிக் முறை பொருந்தும், பழைய அனுபவங்களும் உறவுகளும் இன்றைய நடத்தைக்குள் எப்படி வேலை செய்கின்றன என்று பேசிப் பார்ப்பது, அது மெதுவாகப் போகும், மாதங்கள் ஆகும். அதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், வீட்டில் நடப்பது அந்த அறைக்குள்ளும் நடக்கும் என்பது. தெரபிஸ்ட் உங்களுக்கு ஒத்துவராத நேரத்தைச் சொல்வார், நீங்கள் அங்கேயும் சிரித்துக்கொண்டே சரி என்பீர்கள். நல்ல தெரபிஸ்ட் அதை அங்கேயே நிறுத்திக் கேட்பார். அவரிடம் முதல் தடவையாக "இந்த நேரம் எனக்கு வேண்டாம்" என்று சொல்லி, அவர் கோபித்துக்கொள்ளவில்லை என்று பார்க்கும் அந்த நிமிஷம் பல மாத விளக்கத்துக்குச் சமம். கொழுந்தனாரிடம் சொல்வது அதற்கு அடுத்தது.

சோழவந்தான் வாசகர்: சரியான ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது? ஊருக்குத் தெரிந்துவிடுமா? காசும் அதிகம் இல்லை.

கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போட்டுக்கொள்பவரிடம் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வுக் குழு) பதிவு எண் கேளுங்கள், கேட்பதில் கூச்சம் வேண்டாம். எனக்கு என்ன செய்யப் போகிறீர்கள், எத்தனை வாரத்தில் மாற்றம் தெரிய வேண்டும், தெரியாவிட்டால் என்ன செய்வோம் என்று முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள். ரகசியம் காப்பது 2017 மனநலச் சட்டம் உங்களுக்குத் தரும் உரிமை, உயிருக்கு ஆபத்து போன்ற சில சூழல்களில் மட்டும் விலக்கு உண்டு. காசு இல்லையென்றால் பெரியாஸ்பத்திரி இருக்கிறது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால், அல்லது ராத்திரியில் மனசு ரொம்பக் கனத்துவிட்டால், அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்குக் கூப்பிடுங்கள், 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.