பொழுது விடியுமட்டும்

அன்புள்ள அக்காவுக்கு ஸ்தோத்திரம்.

மகள் படிப்புக்கென்று கட்டிவந்த சீட்டை எடுத்து, ஒன்றரை லட்சத்தையும் என்னிடம் சொல்லாமல் தன் தம்பிக்குக் கொடுத்துவிட்டார் என் வீட்டுக்காரர். ‘சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக உங்கள் எரிச்சல் தணியக்கடவது’ என்ற வசனத்தை நினைத்து, அன்றன்றைக்கே பேசி முடித்துவிட வேண்டுமென்று அவர் கடையிலிருந்து வந்ததும் ஆரம்பிக்கிறேன். நடுராத்திரி வரை சண்டைதான். பிள்ளை விழித்து அழுகிறாள். ஜெபக்குழுவிலோ, மன்னித்துவிட்டுப் பேசாமல் இரு என்கிறார்கள். எது சரி?

*

அன்புள்ள தங்கைக்கு,

பேசாமல் இருக்கச் சொல்வது சரியில்லை. நீங்கள் சொல்வது எபேசியர் 4:26. அதற்கு முந்தின வசனம், ‘பொய்யைக் களைந்து, அவனவன் பிறனுடனே மெய்யைப் பேசக்கடவன்’ என்கிறது. வாயைத் திறக்காமலே மன்னித்ததாகச் சொல்லிக்கொண்டு, வருஷக்கணக்காக மனசுக்குள் புழுங்குகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் அந்த வசனம் தணியச் சொல்வது எரிச்சலை. வழக்கை அன்றைக்கே தீர்க்கச் சொல்லவில்லை. ‘கோபங்கொண்டாலும் பாவஞ்செய்யாதிருங்கள்’ என்று அதே வசனத்தில் பவுல் எடுத்துச் சொல்வது 4ஆம் சங்கீதத்திலிருந்து. அங்கே அடுத்த வரி: ‘உங்கள் படுக்கையிலே உங்கள் இருதயத்தில் பேசிக்கொண்டு அமர்ந்திருங்கள்.’

அபிகாயிலை நினைத்துப் பாருங்கள் (1 சாமுவேல் 25). அவள் புருஷன் நாபால் பேசின பேச்சுக்காகத் தாவீது 400 பேரோடு பட்டயம் கட்டிக்கொண்டு வருகிறான். அபிகாயில் வழியிலேயே போய், முகங்குப்புற விழுந்து தடுத்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினால், நாபால் விருந்தில் குடித்து வெறித்திருக்கிறான். அவ்வளவு பெரிய செய்தியை வைத்துக்கொண்டும் ‘பொழுது விடியுமட்டும்’ அவள் ஒன்றும் சொல்லவில்லை. விடிந்து, வெறி தெளிந்த பிறகு எல்லாவற்றையும் சொன்னாள்.

எங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கடன் விஷயம் இருந்தது. ராத்திரி கேட்டால் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். ஒரு சனிக்கிழமை காலை திண்ணையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கொத்தை எடுத்தேன். “அந்தப் பணம் எனக்குத் தெரியும். நீங்க சொல்லலையேங்கறதுதான் வலிக்குது.” அவர் கை நின்றுவிட்டது. வெகுநேரம் கழித்து, “சொல்ல வெட்கமா இருந்துச்சு” என்றார். கடன் அடைய மேலும் இரண்டு வருஷம் ஆனது. ஆனால் அன்றைக்குப் பிறகு அந்தக் கணக்கை இருவரும் சேர்ந்துதான் பார்த்தோம்.

பிள்ளை வீட்டில் இல்லாத ஒரு காலை நேரமாகப் பாருங்கள். சீட்டுப் பணத்தை மட்டும் பேசுங்கள். கொழுந்தனுடைய குணம், மாமியார் அன்றைக்குச் சொன்னது, எதையும் இழுக்காதீர்கள். தம்பி எந்த மாதம் எவ்வளவு தருவார் என்று கேட்டு, அவர் கையாலேயே எழுதி வாங்குங்கள்.

ஒன்று உங்கள் கடிதத்தில் இல்லை, ஆனாலும் கேட்கிறேன். அவர் கை நீட்டுகிறாரா? அப்படியானால் நான் எழுதிய எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போங்கள். பெண்கள் உதவி எண்ணான 181க்குப் போன் செய்யுங்கள். பிறகு எனக்கு எழுதுங்கள்.