ஆறு வாரத்தில் வாசிப்புத் தேர்வு: மாதிரித் தாளைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்

கேள்வி: திருவண்ணாமலை மாவட்டத்தில் ஓர் ஈராசிரியர் பள்ளியில் வேலை பார்க்கிறேன். ஒன்று முதல் மூன்று வரை என் அறையில்தான். மூன்றாம் வகுப்பில் 16 பிள்ளைகள். இன்னும் ஆறு வாரத்தில் அடைவுத் தேர்வு வரப்போகிறது, தினமும் ஒரு மாதிரி வினாத்தாள் போடுங்கள் என்கிறார் தலைமையாசிரியர். பத்தியைக் கொடுத்தால் பத்துப் பேர் கடகடவென்று வாசிக்கிறார்கள். கேள்வி கேட்டால் முழிக்கிறார்கள். மீதி ஆறு பேருக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கவே வரவில்லை. எதைப் பிடிப்பது, எதை விடுவது?
- பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஆசிரியை

பதில்:

அன்புள்ள டீச்சர்,

உங்கள் கடிதத்தில் தெரியும் பதற்றத்தை முதலில் கொஞ்சம் இறக்கி வையுங்கள். இந்த அடைவுத் தேர்வுகளில் எந்தப் பிள்ளையும் பாஸ், ஃபெயில் ஆவதில்லை. 2021 நவம்பரில் நடந்த தேசிய அடைவு ஆய்வு, 2024 டிசம்பரில் நாடு முழுவதும் நடந்த பரக் ஆய்வு, 2025 பிப்ரவரியில் நம் மாநிலம் நடத்திய ஸ்லாஸ் என்னும் மாநில அடைவு ஆய்வு, மூன்றிலும் மூன்றாம் வகுப்பு இருந்தது. பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள் என்று பார்க்கத்தான் அவை நடந்தன. உங்கள் பிள்ளைகளின் பயம் உங்கள் முகத்திலிருந்துதான் தொடங்கும். அதனால் இதைச் சொன்னேன்.

தினமும் ஒரு மாதிரித் தாள் என்பதை நானும் ஒரு வருடம் செய்து பார்த்தவள். ஒரு மாதம் விடாமல் போட்டேன். மதிப்பெண் ஏறியது, எனக்கும் சந்தோஷம். ஒருநாள் ஒரு பையன் பத்தியின் மேல் கண்ணையே வைக்காமல் "மூணாவதுக்கு இ, டீச்சர்" என்றான். அதே தாளில் விடைகளின் வரிசையை மட்டும் மாற்றி மறுநாள் கொடுத்தேன். பாதி வகுப்பு விழுந்துவிட்டது. அவர்கள் என்னிடம் வாசிக்கக் கற்கவில்லை, விடை எந்த இடத்தில் இருக்கிறது என்று கற்றிருந்தார்கள். அந்த ஒரு மாதத்தை அவர்களுக்கு நான் திருப்பிக் கொடுக்கவே முடியவில்லை. உங்களுக்கு இருப்பது ஆறு வாரம்தான். அதில் நாலு வாரம் வாசிக்க விடுங்கள்.

சரி, கடகடவென்று வாசிக்கும் அந்தப் பத்துப் பேர் ஏன் முழிக்கிறார்கள்? கீழே உள்ள மூன்று வரியைக் கரும்பலகையில் எழுதிப் பாருங்கள்.

"வள்ளி வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்தாள். ஓடிப்போய்க் கொடியில் கிடந்த துணிகளை எடுத்தாள். பாட்டி களத்தில் காயவைத்த மிளகாயை அவசரமாக அள்ளத் தொடங்கினாள்."

துணியை எடுத்தது யார் என்று கேட்டால் பத்துக் கையும் உயரும். பாட்டி ஏன் அவசரப்பட்டாள் என்று கேளுங்கள். பத்தியில் 'மழை' என்ற சொல்லே இல்லை. பிள்ளைகள் 'அவசரமாக' என்ற சொல்லைத் தேடிப் பிடித்து, அதன் பக்கத்தில் இருக்கும் 'மிளகாய்' என்பதைப் பதிலாகச் சொல்வார்கள். கேள்வியில் உள்ள சொல்லைப் பத்தியில் கண்டுபிடி, பக்கத்தில் இருப்பதை எடுத்து எழுது என்று நாம்தானே இரண்டு வருடமாகப் பழக்கியிருக்கிறோம்? தேர்வுத் தாளில் நேரடிக் கேள்விகளும் வரும், இந்த மாதிரிக் கேள்விகளும் வரும். பிள்ளைகள் சறுக்குவது பெரும்பாலும் இரண்டாவது வகையில்.

அதற்கு மருந்து பேச்சுதான். தினம் ஒரு குட்டிப் பத்தி, நாலைந்து வரி போதும். ஒருமுறை நீங்கள் வாசியுங்கள், ஒருமுறை அவர்கள் வாசிக்கட்டும். அப்புறம் புத்தகத்தை மூடிவிட்டு, "உங்க வீட்டுல துணி காயும்போது மேகம் கட்டினா என்ன செய்வீங்க?" என்று கேளுங்கள். ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். அங்கிருந்து பாட்டியிடம் திரும்பி வாருங்கள். "மழ வரப் போவுது டீச்சர், மொளகா நனஞ்சிரும்" என்று ஒரு பிள்ளை சொன்னால் அது முழு விடை. எழுத்துத் தமிழில் சொல் என்று அங்கேயே திருத்தாதீர்கள். கருத்து வந்த பிறகு, அதையே எழுத்து நடையில் எப்படி எழுதுவது என்று பலகையில் சேர்ந்து எழுதிக்கொள்ளலாம். வீட்டில் பேசும் தமிழுக்கும் தாளில் இருக்கும் தமிழுக்கும் நடுவில் நம் பிள்ளைகள் தினமும் ஓர் ஆற்றைத் தாண்டுகிறார்கள்.

கடைசியாக ஒரு கேள்வி எப்போதும் கேளுங்கள்: "இது உனக்கு எந்த வரியில் தெரிந்தது?" விடை சரியோ தவறோ, பிள்ளை விரலை வரியின் மேல் வைத்துக் காட்ட வேண்டும். இந்த ஒரு பழக்கம் பத்து மாதிரித் தாளுக்குச் சமம் என்பேன்.

இனி அந்த ஆறு பேர். எண்ணும் எழுத்தும் என்ற அரசுத் திட்டத்தில் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று நீங்களே பிரித்திருப்பீர்கள், இவர்கள் முதல் நிலையான அரும்பில் இருப்பார்கள். அரும்பு என்று எழுதி வைத்தால் போதாது, எந்த எழுத்தில் நிற்கிறார்கள் என்று தெரிய வேண்டும். ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்து ஒரு நிமிடம் வாசிக்கக் கேளுங்கள். 'கொடி' என்பதை ஒரு பிள்ளை 'கெரடி' என்று வாசிக்கும். மக்குத்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். அது ஒற்றைக் கொம்பைப் பார்த்தது, ககரத்தைப் பார்த்தது, துணைக்காலை (ா) ரகரம் என்று நினைத்தது. கண்ணில் பட்டதை ஒழுங்காகத்தான் வாசித்திருக்கிறது. மெய்க்கு முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக வரும் குறியீடுதான் இந்த வயதில் பெரிய முட்டுக்கட்டை. கொ, கோ வரிசையை மட்டும் தனியாக எடுத்து, கொடி, கோழி, சோறு, தோடு, மொட்டு என்று தெரிந்த சொற்களாகவே ஒரு வாரம் போட்டால் பலருக்கு வழி திறந்துவிடும். 247 எழுத்தையும் முதலிலிருந்து மறுபடி நடத்த வேண்டாம். நேரமும் இல்லை, தேவையும் இல்லை.

அடுத்த தடை நீளச் சொல். 'பள்ளிக்கூடத்திலிருந்து' என்பது ஒரே சொல், பன்னிரண்டு எழுத்து. ஒவ்வொன்றாகக் கூட்டிக் கடைசி எழுத்துக்கு வருவதற்குள் முதல் எழுத்து மறந்துபோகும். பென்சிலால் மெல்லக் கோடு போட்டு, பள்ளிக் / கூடத்தி / லிருந்து என்று துண்டாக வாசித்து, பிறகு சேர்க்கச் சொல்லுங்கள். ஆங்கிலத்துக்கு நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று ஒரு கணக்கு வைத்திருப்பார்கள். அதைக் கொண்டுவந்து தமிழ்ப் பிள்ளையின் தலையில் வைக்காதீர்கள், நம் சொற்களின் நீளமே வேறு. ண, ன வித்தியாசத்துக்கும் ல, ள, ழ உச்சரிப்புக்கும் வாசிப்பின் நடுவே நிறுத்தாதீர்கள். பொருள் மாறினால் மட்டும் நிறுத்துங்கள்.

மூன்று வகுப்பை வைத்துக்கொண்டு இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று கேட்பீர்கள். ஒரு நாளைக்கு நாலு பிள்ளை, ஆளுக்கு ஒரு நிமிடம் வாசிப்பு, ஒரு நிமிடம் பேச்சு. எட்டு நிமிடம். நாலு நாளில் 16 பேரும் முடிந்துவிடும், ஐந்தாவது நாள் அந்த ஆறு பேருக்கு. மற்றவர்கள் அந்த நேரத்தில் வாசிப்பு இயக்கப் புத்தகங்களை எடுத்து வைத்துக்கொள்ளட்டும். நுழை, நட, ஓடு, பற என்று நாலு படியாக வந்த அந்தச் சின்னப் புத்தகங்கள் பல பள்ளிகளில் பீரோவுக்குள் பத்திரமாக இருக்கின்றன. கிழிந்தாலும் பரவாயில்லை, வெளியே எடுங்கள். 'பற' வாசிக்கும் பிள்ளை 'நுழை' வாசிக்கும் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கட்டும்.

கடைசி இரண்டு வாரத்தில் மாதிரித் தாள், வாரத்துக்கு இரண்டு. அதுவும் விடை சொல்லிக் கொடுப்பதற்கு அல்ல, கேள்வியின் மொழியைப் பழக்குவதற்கு. 'பொருந்தாதது எது', 'தவறான கூற்று எது' என்று கேட்டால் பிள்ளைகள் பழக்கதோஷத்தில் சரியானதை வட்டமிட்டு விடுகிறார்கள். அந்தச் சொல்லின் கீழ்க் கோடு போடப் பழக்குங்கள். நாலு விடையில் ஒன்று பெரும்பாலும் உலகத்தில் உண்மை, பத்தியில் இல்லாதது. 'மிளகாய் காரமாக இருக்கும்' என்பது போல. அதைப் பிடிப்பது பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டாகவே ஆகிவிடும். வட்டங்களை நிரப்பும் ஓ.எம்.ஆர். தாள் என்றால் அதற்கு ஒரு பீரியட் போதும்.

தலைமையாசிரியரிடம் வாதாட வேண்டாம். ஒரு நோட்டுப் போட்டு, 16 பேரின் பெயருக்கு எதிரே வாசித்துக் கேட்ட தேதி, எங்கே தடுக்கியது, அடுத்த முறை என்ன மாற்றம் என்று எழுதி வையுங்கள். இரண்டு வாரம் கழித்து அதை அவர் முன் விரித்து வைத்து, ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். வட்டாரக் கல்வி அலுவலர் வந்தாலும் காட்ட அவருக்கே அது உதவும்.

தேர்வன்று அந்த ஆறு பேரில் யாரும் லீவு போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். "இவன் வராவிட்டால் சராசரி குறையாது" என்று யாராவது காதில் போட்டால் தயவுசெய்து கேட்காதீர்கள். முதல் நாளே வீட்டுக்குப் போய், காலையில் சாப்பிட வைத்து அனுப்பச் சொல்லிவிட்டு வாருங்கள். தாளில் படம் பார்த்துச் சொல்லும் கேள்வி ஒன்றிரண்டு இருந்தால் அதை அவர்களால் போட முடியும். 'கொ' வரும் ஒரு சொல்லை இந்த முறை சரியாக வாசித்திருப்பார்கள். யார் என்ன வாசித்தார்கள் என்று அன்று சாயங்காலமே கேட்டு, அந்த நோட்டிலேயே எழுதிக்கொள்ளுங்கள். தேர்வு முடிந்த மறுநாள் அங்கிருந்துதான் நீங்கள் தொடர வேண்டியிருக்கும்.