கைப்பிடி அரிசி – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் 26 குடும்பங்கள் உள்ள லுத்தரன் கிறிஸ்தவ சபை எங்களுடையது. எங்கள் ஐயருக்கு, அதாவது போதகருக்கு, நான்கு கோயில்கள் பொறுப்பு. வீடு சந்திக்க வருவதே இல்லை. பிரசங்கம் பத்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. இளைஞர்கள் டவுனில் உள்ள ஜெபக்கூடத்துக்குப் போகிறார்கள். அவரை மாற்றச் சொல்லி மனு எழுதியிருக்கிறோம். பெரியவர்கள் சிலர், முதலில் அவருக்குச் சபையாகச் சேர்ந்து ஏதாவது செய்யலாம் என்கிறார்கள். சம்பளம்தான் தலைமையிடத்திலிருந்து வருகிறதே? மனுவில் நான் கையெழுத்துப் போடலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

பத்து நிமிடப் பிரசங்கம் எனக்குக் குறையாகத் தெரியவில்லை. பிள்ளைகள் டவுனுக்குப் போவதும் திரும்புவதும் எப்போதும் உள்ளதுதான். என்னை உறுத்தியது அந்தச் சம்பளப் பேச்சு. ஒரு வாரமாக அம்மாவின் அடுக்களை நினைவாகவே இருந்தேன். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது.

'சம்பளம்தான் வருகிறதே' என்பது நம் பக்கத்தில் 300 வருடப் பழக்கம். 1706-இல் சீகன்பால்கு, புளுட்சோ என்ற இரண்டு ஜெர்மன் மிஷனரிகள் டென்மார்க் அரசர் அனுப்பித்தான் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார்கள். மிஷனுக்கு வேண்டிய பணமும் கடல் கடந்தே வந்தது. உபதேசியாராக, அதாவது வேதம் சொல்லிக்கொடுப்பவராக இருந்த ஆரோனுக்கு 1733 டிசம்பர் 28 அன்று அங்கேதான் குருப்பட்டம் கொடுத்தார்கள். லுத்தரன் சபையில் நம்மவர்களில் அவரே முதல் குரு. குரு நம்மவர் ஆன பிறகும், அவர் வீட்டு உலையைப் பற்றிய கவலை மிஷனுடையது என்று இருந்துவிட்டோம். கப்பலில் பணம் வருவது எப்போதோ நின்றுவிட்டது. பழக்கம் நின்றதா?

என் அம்மா போன்ற பெண்கள் அதை உடைத்தார்கள். உலைக்கு அரிசி அளந்ததும், களைவதற்கு முன்பே ஒரு பிடி எடுத்து மண்கலயத்தில் போட்டுவிடுவார். களைவதற்கு முன்பே என்பதில் அம்மா கறார். வீட்டுக்கு எடுத்தது போக மிஞ்சியதைப் போட்டால் அது பிச்சை என்பார். சனிக்கிழமை கலயத்து அரிசி மஞ்சள் பைக்குப் போகும். ஞாயிறு காலை எல்லா வீட்டுப் பைகளும் கோயில் கூடையில் கொட்டப்படும். ஐ.ஆர். 20, கிச்சிலிச் சம்பா, ரேஷன் புழுங்கல் எல்லாம் கலந்து ஐயர் குடியிருக்கும் குருமனைக்குப் போகும். அங்கே அதை ஒரே பானையில்தான் வடிப்பார்கள். ஒரு பங்கு குழைந்திருக்கும், ஒரு பங்கு விதைவிதையாக நிற்கும். நான் அந்தச் சோற்றைச் சாப்பிட்டிருக்கிறேன். எந்த வீட்டுப் பை வரவில்லை என்பதும் ஐயரம்மாவுக்குத் தெரிந்துவிடும்.

1977 நவம்பர் 12-ஆம் தேதிப் புயல் நாகப்பட்டினம் பக்கம் கரையேறியது. சூல் கட்டியிருந்த எங்கள் சம்பா முழுவதும் சாய்ந்து, தண்ணீரிலேயே கிடந்து அழுகியது. இரண்டு ஞாயிறு எங்கள் பை போகவில்லை. வெறுங்கையோடு எப்படிப் போவது என்று அம்மாவும் கோயிலுக்குப் போகவில்லை. அடுத்த நாள் சாயங்காலம் ஐயர் சேற்றில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். பின்னால் அரை மூட்டை அரிசி. "இதைப் புடைத்துக் கொடுங்கள் அம்மா, கல் இருக்கிறது. கூலி பாதி அரிசி" என்றார். விளக்கு வைக்கும்வரை அம்மா புடைத்தார். முறத்தின் ஓரத்தில் ஒதுங்கியது நான்கே கல். அம்மா அந்த நான்கையும் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். மறு ஞாயிறு கோயிலுக்குப் போனார்.

தை மாதம் ஐயருக்கு மஞ்சள் காமாலை. அம்மா கீழாநெல்லி அரைத்து மோரில் கலந்து விடிவதற்குள் கொண்டுபோவார். ராத்திரியில் பெண்கள் முறை வைத்துத் துணையிருந்தார்கள். ஊருக்குத் தெரிந்துவிட்டதே, எல்லோரும் கவலைப்படுவார்களே என்பதுதான் ஐயருக்கு நோயைவிடப் பெரிய வருத்தம். பவுலுக்குப் பிலிப்பி சபையாரின் உதவியைக் கொண்டுபோய்க் கொடுத்த எப்பாப்பிரோதீத்துவும் நோயில் விழுந்தபோது இப்படித்தான் வருந்தினான். வேதத்தில் அந்த இடம் வரும்போதெல்லாம் எனக்கு எங்கள் ஐயர் முகம்தான் வரும்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். குடும்பங்களை எண்ணியிருக்கிறீர்கள், கோயில்களை எண்ணியிருக்கிறீர்கள், பிரசங்கத்துக்குக் கடிகாரம் பார்த்திருக்கிறீர்கள். நான்கு கோயிலுக்கும் அவர் எதில் போகிறார்? பெட்ரோல் யார் காசு? பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள்? குருமனைக் கூரை ஒழுகுகிறதா? ஒரு வரி இல்லை. அவர் வீடு சந்திக்க வரவில்லை என்கிறீர்களே, நீங்கள் ஒரு நாளாவது அந்தப் படி ஏறினீர்களா? வெட்கமாக இல்லையா தம்பி?

மனு அப்படியே இருக்கட்டும், ஓடிப்போகாது. இந்த வாரம் ஒரு சாயங்காலம் வீட்டாரையும் அழைத்துக்கொண்டு குருமனைக்குப் போங்கள். வெறுங்கையோடு போகாதீர்கள். உட்காரச் சொன்னால் உட்காருங்கள், குறை எதையும் எடுக்காதீர்கள். போய்வந்து எனக்கு எழுதுங்கள். அவர் வீட்டில் எத்தனை பேர் என்பதிலிருந்து தொடங்குங்கள்.

அன்புடன்,
அக்கா