எச்1பி விசாவில் இருந்துகொண்டு புகார் கொடுக்கலாமா?

தம்பி, டிப்ரஷனுக்கு மருந்து எடுப்பதாக மேனேஜரிடம் சொன்னதிலிருந்து ப்ராஜெக்டில் ஓரங்கட்டுகிறார்கள், எச்1பி வேலை விசாவில் அமெரிக்கா வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, புகார் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே வாடகை, கார், கிரெடிட் ஸ்கோர் எல்லாம். அதற்குப் பதில் சொல்ல இங்கே நூறு பேர் இருக்கிறார்கள், எனக்குப் பொறுமை இல்லை. புகார் விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில், "விசாவில் இருப்பவன் வாயைத் திறக்கக் கூடாது" என்று நம் ஆட்கள் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். கிரீன் கார்டு வாங்கிய பிறகும் வாயைத் திறக்காதவர்கள்தான் பெரும்பாலும் இதைச் சொல்வது. உடல், மனநலப் பாதிப்பு உள்ளவர்களை வேலையில் பாகுபடுத்தக் கூடாது என்று 1990இல் வந்த ஏடிஏ சட்டம் உங்கள் விசாவைப் பார்ப்பதில்லை. 15 பேராவது வேலை செய்யும் நிறுவனமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். டிப்ரஷனும் அதில் வரும். கன்சல்டன்சி வழியாக வந்திருந்தால் க்ளையண்ட் கம்பெனியும் பொறுப்பாக வாய்ப்பு உண்டு, "அவர் எங்கள் ஊழியரே இல்லை" என்று அவர்கள் கைகழுவினால் உடனே நம்பிவிட வேண்டாம்.

ஆனால் கெடு இருக்கிறது, அதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வேலையிடப் பாகுபாட்டை விசாரிக்கும் மத்திய அரசு அமைப்பான ஈஈஓசியில் புகார் பதிய 180 நாள், மாநிலத்திலும் அதேபோன்ற சட்டமும் அமைப்பும் இருந்தால் 300. ஹெச்ஆர் விசாரித்துக்கொண்டிருக்கிறது என்பதற்காக இந்தக் கணக்கு நிற்காது. ஹெச்ஆர் சிரித்த முகத்தோடு அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று இழுக்கும், இங்கே நாள் ஓடிக்கொண்டிருக்கும்.

இன்னொரு கெடு விசாவுடையது. வேலை போனால் அதிகபட்சம் 60 நாள், எதுவரை இங்கே தங்கலாம் என்று காட்டும் ஐ-94 பதிவு அதற்கு முன்பே முடிந்தால் அதுவரைதான். புகார் கொடுத்தால் 10 நாளுக்குள் கம்பெனிக்குத் தகவல் போய்விடும், ரகசியமாக வைக்க முடியாது. பழிவாங்கினால் அதுவே தனியாகச் சட்டவிரோதம், சரி, அதை நிரூபிப்பதற்குள் உங்கள் 60 நாள் முடிந்து பெட்டி கட்ட வேண்டியிருக்கும். அதனால்தான் சொல்கிறேன், முதலில் வேறு வேலை, அந்தக் கம்பெனிக்கு எச்1பி ட்ரான்ஸ்ஃபர், அப்புறம் கெடுவுக்குள் புகார். நான் செய்தது அதுதான். பயந்தாங்கொள்ளி என்று ஒரு நண்பர் சொன்னார், அவர் அப்போதே சிட்டிசன்.

அதுவரை சும்மா இருக்கச் சொல்லவில்லை. உங்கள் நிலைமைக்கு வேலையில் என்ன மாற்றம் வேண்டும் என்று கம்பெனியிடம் இன்றைக்கே மெயிலில் கேளுங்கள், வாய்வார்த்தையாக வேண்டாம். யார், எப்போது, யார் முன்னால், என்ன வார்த்தை சொன்னார்கள் என்று வீட்டில் ஒரு நோட்டில் எழுதுங்கள். கம்பெனி ஆவணங்களைச் சொந்த மெயிலுக்கு அனுப்பிவிடாதீர்கள், அதையே காரணம் காட்டி வேலையை விட்டுத் தூக்கிவிடுவார்கள். ஒரு வேலைச் சட்ட வக்கீலையும் குடியேற்ற வக்கீலையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எனக்கு அப்போது இரவில் இந்திய டீமோடு பேசும் ஆஃப்ஷோர் கால் என்றாலே நெஞ்சு படபடக்கும், கை நடுங்கி மவுஸ் பிடிக்க வராது. டாக்டர் கடிதத்தோடு, இரவு கால்களைக் குறைக்கச் சொல்லிக் கேட்டேன். மறுநாள் ஸ்டாண்டப் என்கிற தினசரி டீம் மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் மேனேஜர், "சாருக்கு ராத்திரி தூக்கம் வேணுமாம், யார் எடுத்துக்கிறீங்க?" என்றார். தமிழில் சொன்னார், டீமில் பாதிப் பேருக்குப் புரிந்தது. தமிழர் மேனேஜராக வந்தால் நிம்மதி என்று நினைத்துக்கொண்டு வருபவர்களைப் பார்த்தால் எனக்கு இப்போதும் எரிச்சல் வரும். வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டவர்தான், தியானம் பண்ணு என்று ஆப்பும் சொல்லிக்கொடுத்தார். அந்த ஸ்டாண்டப் வரியை அன்றிரவே தேதியோடு எழுதி வைத்திருந்தேன். பின்னால் ஈஈஓசி மீடியேஷனில், அதாவது சமரசப் பேச்சில், கம்பெனி வக்கீல், அப்படி யாரும் பேசவில்லை என்று ஆரம்பித்தார், நோட்டை எடுத்ததும் உடன் இருந்தவர்கள் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். அன்றைக்கே பேசி முடித்தார்கள். எவ்வளவு பணம் என்று கேட்காதீர்கள், சொல்லக் கூடாது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.