ஒருவரையொருவர் விரும்பியும் கடைசிவரை சொல்லாமலே பிரிந்தவர்களைப் பார்த்திருக்கிறீர்களா?

பார்த்திருக்கிறேன். என் பெரியம்மையும், எங்கள் வீட்டுக்கு ரப்பர் ஷீட் அடிக்க வந்துகொண்டிருந்த ஒருவரும். ஊர் குமரி மாவட்டத்துக் குலசேகரம் பக்கம். அதற்கு மேல் அடையாளம் சொன்னால் எனக்கு வீட்டில் சோறு கிடைக்காது.

தாத்தா படுக்கையில் விழுந்த பிறகு ஷீட் மெஷினைப் பெரியம்மைதான் பார்த்தாள். மெஷின் இல்லாதவர்கள் உறைந்த ரப்பர் பாலைக் கொண்டுவந்து ஷீட்டாக அடித்து, ஷீட்டுக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்துவிட்டுப் போவார்கள். அவரும் அப்படித்தான் வந்தார். இருட்டோடு எழுந்து ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துவிடும், அதனால் வெட்டுக்காரர்களுக்கு எப்போதும் உறக்கக் கடன்தான்.

இருவரும் ‘நீங்க’ போட்டுத்தான் பேசுவார்கள். பேச்சும் கணக்கைத் தாண்டாது. ஒருநாள் ரோலரில் சிக்கி அவருடைய ஷீட் கிழிந்துவிட்டது. கூலி வேண்டாம் என்றாள். அவர் காசைத் திண்ணையில் வைத்துவிட்டு நடந்தார். மறுநாள் அவள் அதை அவருடைய ஷீட் கட்டுக்குள் சொருகினாள். அடுத்த நாள் காசு திரும்பவும் திண்ணையில். ஒரு துண்டுச் சீட்டுகூட எழுதிக்கொள்ளாத இருவருக்கும் இடையே போய்வந்தது அது ஒன்றுதான்.

மழைநாளில்தான் வேடிக்கை. எங்கள் பக்கம் ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. பட்டை நனைந்தால் வெட்டு இல்லை; வெட்டு இல்லையென்றால் ஷீட்டும் இல்லை. அவர் மட்டும் குடையோடு வந்து நிற்பார்.

“இன்னைக்கு மெஷின் ஓடுமா?”

“ஷீட் இருந்தா ஓடும்.”

போய்விடுவார்.

வெறும் வீம்பு என்று இதை ஒதுக்க எனக்கு மனமில்லை. 2011-ல் கிலோ 200 ரூபாயைத் தாண்டிய ரப்பர், 2016 தொடக்கத்தில் 100-க்கும் கீழே கிடந்தது. அவருக்கு இருந்ததோ கையளவு நிலமும், கூலிக்கு வெட்டும் அடுத்தவர் மரங்களும். வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது, ஆனால் எங்கள் ஊரில் கல்யாணப் பேச்சு சீதனத்தில்தான் தொடங்கும். அவர் கேட்டால், மெஷினுக்கும் தோட்டத்துக்கும் கண் வைத்துவிட்டான் என்பார்கள். அவள் கேட்டால், கேட்க ஆளில்லாமல் தானே போய் விழுந்தாள் என்பார்கள். முதலில் வாய் திறப்பவருக்குத்தான் மதிப்பு போகும். அது இருவருக்கும் தெரியும்.

கருங்கல் பக்கமிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. அதை அவரிடம் சொன்னது அவளேதான், ஷீட்டை எண்ணிக்கொண்டே. “நல்ல இடமா இருந்தா பாக்கலாமே” என்றார். “நீங்க சொன்னா செரிதான்” என்றாள். அன்று ராத்திரியே தாத்தாவிடம் சம்மதம் சொல்லிவிட்டாள்.

கல்யாணத்துக்கு வந்தார், சாப்பிட்டார், மொய் வைத்தார். கவரைப் பிரித்தால் மொய்ப்பணம் ஒரு பக்கம், அந்த மாதத்து மெஷின் கூலி பாக்கி தனியாக மடித்து ஒரு பக்கம். பெரியம்மைக்கு வந்த கோபத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! சீக்கிரமே அவர் வளைகுடாவுக்குப் போய்விட்டார்.

பெரியம்மைக்கு இப்போது ரெண்டு பிள்ளைகள். நன்றாகத்தான் இருக்கிறாள், யாரும் பரிதாபப்பட வேண்டாம். போன கிறிஸ்துமஸுக்கு வந்திருந்தபோது, மரச்சீனிக் கிழங்கு அவித்துக்கொண்டிருந்தவளிடம் நேராகவே கேட்டேன்.

“அவரு வந்து கேட்டிருந்தா செரின்னு சொல்லியிருப்பியளா?”

“மாட்டேன்னுதான் சொல்லியிருப்பேன் மக்ளே. ரெண்டாவது தடவ கேட்டிருந்தா பாத்திருக்கலாம். அவன் கேக்கமாட்டான்.”